ஹியூஸின் சுரங்கக் கப்பல்

1974 ஜூன் 20. வெனிசுலாவின் தலைநகர் கராகஸில் ஐ.நா.வின் கடல் சட்ட மாநாடு கூடியது. எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் வராத ஆழ்கடல் தரையில் கொட்டிக் கிடக்கும் உலோகம் யாருக்குச் சொந்தம் என்பது அங்கே கிளம்பிய பெரிய சர்ச்சைகளில் ஒன்று. அதே நாளில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. பெயர், ‘ஹியூஸ் குளோமர் எக்ஸ்புளோரர்’. கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ், பசிபிக்கின் அடியிலிருந்து மாங்கனீஸ் முடிச்சுகளை அள்ளப்போகிறார் என்று ஊரே பேசியது.

ஊர் நம்பியதில் தப்பில்லை. 1873-லேயே பிரிட்டனின் ‘சேலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் அந்த முடிச்சுகளை வலைபோட்டு எடுத்திருந்தது. உருளைக்கிழங்கு அளவில் கறுத்த உருண்டைகள். சுறாப் பல்லோ எலும்புத் துண்டோ நடுவில் இருக்க, அதைச் சுற்றி உலோகம் படிந்து படிந்து வளர்ந்தவை. பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்ச்சி! மாங்கனீஸோடு நிக்கல், தாமிரம், கோபால்ட்டும் அதில் உண்டு. சுமார் தொண்ணூறு வருடம் அது அருங்காட்சியகச் சரக்காகவே கிடந்தது. 1965-ல் ஜான் மெரோ என்ற அமெரிக்கப் பொறியாளர், இதை லாபத்துக்கு அள்ளலாம் என்று கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதினார். அவர் கணக்கு ரொம்பத் தாராளம். ஆனால், 1967 நவம்பரில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ அந்தக் கணக்கை நம்பித்தான் ஐ.நா. சபையில் எழுந்து, கடல்தரைச் செல்வம் மனிதகுலம் முழுமைக்கும் பொதுச்சொத்து என்று முழங்கினார். கராகஸ் மாநாட்டுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

ஹியூஸின் கப்பலுக்கோ முடிச்சுகள் தேவையே இல்லை. 1968 மார்ச்சில், ஏவுகணைகளோடு சென்ற கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கி, ஹவாய்க்கு வடமேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்தில் மூழ்கியது. 98 பேர் மாண்டனர். சோவியத் கடற்படை தேடிக் களைத்துத் திரும்பியது. இடத்தைக் கண்டுபிடித்த அமெரிக்கா வாயைத் திறக்கவில்லை. அதைத் தூக்கியெடுக்க சி.ஐ.ஏ.வுக்கு ஒரு கப்பல் வேண்டும். அந்தக் கப்பல் நடுக்கடலில் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, கிலோமீட்டர் கணக்கில் குழாய் இறக்குவதற்கு ஒரு காரணமும் வேண்டும். சுரங்கத் தொழிலைவிடப் பொருத்தமான காரணம் எது? கிறுக்குத்தனத்துக்குப் பேர்போன ஹியூஸ் பெயர் கொடுக்கச் சம்மதித்தார். கப்பலின் அடிவயிறு திறந்து மூடும்படி கட்டினார்கள். மேலே வருவது நேரே வயிற்றுக்குள் போய்விடும். பக்கத்தில் நிற்கும் சோவியத் கப்பலுக்கும் தெரியாது. பக்கத்தில் நிஜமாகவே சோவியத் கப்பல்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தன.

ஆகஸ்டில், கராகஸில் வாதம் நடந்துகொண்டிருந்தபோதே, இராட்சத இடுக்கி நீர்மூழ்கியைப் பிடித்துத் தூக்கியது. பாதி வழியில் இடுக்கியின் விரல்கள் முறிந்து, பெரும்பகுதி மறுபடி கடலில் விழுந்தது. கைக்கு வந்தது முன்பகுதி மட்டும். அதில் கிடைத்த ஆறு மாலுமிகளின் உடல்களைக் கடற்படை மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள். 1975-ல் பத்திரிகைகள் குட்டை உடைத்தன.

கப்பலின் கதை பொய், தொழில் பொய்யல்ல. ‘டீப்சீ வென்ச்சர்ஸ்’ என்ற நிறுவனம் 1974-லேயே பசிபிக்கில் ஒரு பரப்பைத் தனக்கென்று கோரி அமெரிக்க அரசிடம் மனுப் போட்டது. 1978-ல் லாக்ஹீட் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இதே குளோமர் எக்ஸ்புளோரரை வாடகைக்கு எடுத்து, முடிச்சு அள்ளும் சோதனைக்கே அனுப்பியது! ஆனால் உலோக விலை ஏறவில்லை, முதலீட்டாளர்கள் பின்வாங்கினர். 1982-ல் கடல் சட்டம் எழுத்தாகி, 1994-ல் அமலுக்கு வந்தது. ஆழ்கடல் சுரங்க உரிமம் தர ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஓர் ஆணையம் அமைந்தது. அமெரிக்கா இன்றுவரை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை.

இந்தியா சும்மா இருக்கவில்லை. 1981 குடியரசு தினத்தன்று ‘கவேஷணி’ ஆய்வுக் கப்பல் நம் முதல் முடிச்சை மேலே கொண்டுவந்தது. 1987-ல் மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்கென ஒரு பரப்பும் பதிவானது. அந்த வேட்டை எப்படிச் சென்னை பள்ளிக்கரணை வரை வந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)