அம்மாவின் சைக்கிளும் தும்பா ராக்கெட்டும்

கழக்கூட்டத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து கிளைக்கு நாலு கிலோமீட்டர். இடவப்பாதி மழை, துலாவர்ஷம், மீனமாத வெயில் எல்லாவற்றிலும் சைக்கிளில்தான் போய் வருகிறேன். முப்பது வயது தாண்டிய ஹெர்குலிஸ். கறுப்பு, கம்பி பிரேக், முழு செயின் கவர், பின்னால் பெரிய கேரியர்.

"சாரே, ஸ்டாஃப் லோனில் ஒரு கார் வாங்கக்கூடாதா?" என்று கிளையில் கேட்காத ஆள் இல்லை. எடுக்கலாம்தான். ஏன் எடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லாமல் இருந்தது. போன மாதம் ஒரு பதில் கிடைத்தது, அதுவும் ஒரு ராக்கெட் வழியாக.

மகன் ஏழாம் வகுப்பு. பள்ளியில் தும்பா பற்றி ப்ராஜெக்ட். எங்கள் வீட்டிலிருந்து மேனங்குளம் வழியாகப் போனால் தும்பா பக்கம்தான். அவன் எழுதி வைத்திருந்தான்: "1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது." பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற படம். கேரியரில் ராக்கெட்டின் கூம்பு, ஒருவர் சைக்கிளைத் தள்ள, இன்னொருவர் கூம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் வராத வீடு ஏது?

நான் பி.காம். வவுச்சர் இல்லாமல் எந்தப் பதிவையும் நம்பக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்து சரிபார்த்தேன்.

அன்றைக்கு ஏவப்பட்டது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. 8 மீட்டருக்கு மேல் நீளம், அரை டன்னுக்கு மேல் எடை. எந்த சைக்கிளுக்கும் ஆகாத சுமை. அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: புனித மரிய மதலேனாள் தேவாலயத்தில் வைத்து ராக்கெட்டைப் பூட்டினார்கள், ஏவுமேடைக்கு டிரக்கில் கொண்டுபோனார்கள், தூக்கும்போது கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேனில் ஒழுக்கு ஏற்பட்டு ராக்கெட் சாயத் தொடங்கியது, கடைசியில் ஆட்கள் சேர்ந்து கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். அதில் சைக்கிள் இல்லை.

அப்படியானால் படம்? அதை எடுத்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஆண்டு 1966. முதல் ராக்கெட் போய் மூன்று வருடம் கழிந்துவிட்டது. அதாவது, படம் நிஜம், தேதி தப்பு. எங்கள் பாஷையில் சொன்னால், தொகை சரி, தவறான கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்.

மகனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப இந்தக் கதை பொய்யாப்பா?" என்றான்.

பொய் இல்லை. யோசித்துப் பார்த்தால் 1966 என்பதுதான் அதைவிடப் பெரிய கதை. முதல் நாள் அவசரத்துக்கு, வேறு வழியில்லாமல் சைக்கிளில் ஏற்றினார்கள் என்றால் அது ஒரு நாள் கூத்து. மூன்று வருடம் கழித்தும் சைக்கிளில் போகிறது என்றால், அது அங்கே தினப்படி வேலைக்கான வண்டி என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்தே தும்பாவில் இருந்த பொறியாளர் ஆர். அரவமுதன் எழுதிய நினைவுகளிலும் இதைப் பார்க்கலாம். வளாகத்துக்குள் நடை அல்லது சைக்கிள்தான் போக்குவரத்து. கலாமுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, யாராவது ஏற்றிக்கொண்டு போக வேண்டும்!

அந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. 'ஐயோ பாவம், எவ்வளவு ஏழை நாடு' என்பது ஒன்று. 'பார்த்தாயா, சைக்கிளில் தொடங்கி சந்திரன் வரை போனோம்' என்று மார்தட்டுவது இன்னொன்று. இரண்டு பேருக்கும் சைக்கிள் என்றால் இல்லாமைக்கு அடையாளம். அது என்ன மாதிரி சைக்கிள் என்று யாரும் பார்ப்பதில்லை.

கொஞ்சம் பழைய கதை. இன்றைக்கு நாம் ஓட்டும் உருவத்துக்கு சைக்கிளைக் கொண்டுவந்தது 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்'. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு அங்கே ஒரு கனத்த எஃகு சைக்கிள் உருவானது. 28 அங்குல சக்கரம், ஒரே கியர், நிமிர்ந்து உட்காரும் இருக்கை, ஏறக்குறைய 20 கிலோ எடை. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்து இறங்கியது இதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே செய்வது பெருகியது. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ்.

இங்கிலாந்தில் அந்த மாடல் மெல்ல மறைந்தது. நம் ஊரில் மாறவே இல்லை. காரணம் நம் சாலையும் நம் சுமையும். நிரம்பிய கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, அதை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். பால் கேன், வாழைத்தார், இந்தக் கடற்கரையில் மீன் பெட்டி. அந்த வரிசையில் ராக்கெட் கூம்பும் ஒன்று, அவ்வளவுதான்.

இங்கே டெக்னோபார்க்கில் வேலை செய்யும் மதுரைப் பையன் ஒருவன் எனக்குப் பழக்கம். அவனுடையதும் எஃகு சைக்கிள்தான், ஆனால் ஹேண்டில் வளைந்த ரேஸ் ரகம், குரோமோலி குழாய். கூட்டாளிகள் எல்லாம் கார்பன் ஃபைபர் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைபாஸில் பறக்க, இவன் அதிலேயே தினமும் வேலைக்கும் போகிறான். "அண்ணே, எஃகு ஒரு அளவுக்குக் கீழ இருக்கிற அழுத்தத்தை எத்தனை லட்சம் தடவை குடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த மாதிரி எல்லைக்கோடே கிடையாது" என்றான். எனக்கு உடனே தேய்மானக் கணக்குதான் ஞாபகம் வந்தது. முழுசாகத் தேய்த்து எழுதிய சொத்தைக் கணக்கில் ஒரு ரூபாய் என்று காட்டிவிட்டு, வேலை மட்டும் முழுசாக வாங்குவோமே, அது மாதிரி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மழையில் நனைந்த எஃகு ரிம்மில் கம்பி பிரேக் உடனே பிடிக்காது. முதல் வருடம் ஒரு ஆட்டோவின் பின்பக்கம் போய் முட்டி, முழங்காலில் தையல் போட்டேன். இப்போது பத்தடி முன்பே பிரேக்கை லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துவிடுகிறேன். கடல் காற்றில் துரு உள்ளேயிருந்து வரும். வருடம் ஒருமுறை சீட்டுக் கம்பியைக் கழற்றி, குழாய்க்குள் எண்ணெய் விட வேண்டும். கேரியர் கால் உடைந்தபோது தெருமுனை வெல்டிங் கடையில் பத்து நிமிடத்தில் ஒட்டித் தந்தார்கள். கார்பனுக்கு அந்தத் தெருமுனை கிடையாது.

இனி என் சைக்கிளின் வவுச்சர். நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை நெருக்கினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கன்வாடி ஊழியராக இருந்த என் அம்மா வாங்கிய கடனில் வந்ததுதான் இந்த ஹெர்குலிஸ். லேடீஸ் சைக்கிள் இல்லை, நடுவில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். அன்றைக்கு நிறையப் பெண்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். என் தங்கை அந்தப் பாரிலும் நான் கேரியரிலும் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனோம். கடன் முடிந்த பாஸ்புத்தகம் இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். பேரன் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். ராக்கெட்டைப் பார்க்கவில்லை.

"ஏறி ஓட்டல பாரு, தள்ளிக்கிட்டுப் போறாங்க. சுமை பெருசா இருந்தா அப்படித்தான் போகணும். ஒருத்தர் ஹேண்டிலு, ஒருத்தர் சுமை. அங்கன்வாடிக்கு மாவு மூட்டை நானும் பிரேமாக்காவும் இப்படித்தான் கொண்டு போவோம்."

பையன் தேதியைத் திருத்தி 1966 என்று போட்டுவிட்டு, கீழே பாட்டி சொன்னதையும் எழுதினான். டீச்சர் அதற்கு ஒரு டிக் போட்டிருக்கிறார்கள்.

திருவனந்தபுரம் பக்கம் வருகிறவர்கள் பிள்ளைகளைத் தும்பாவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தத் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டைக் காட்டும்போது அந்தப் படத்தின் சரியான வருடத்தையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பழைய சைக்கிள் எதைச் சுமந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கார் லோன் விண்ணப்பம் மேஜை டிராயரில் அப்படியே கிடக்கிறது. நாளைக்கும் மழை என்கிறார்கள். செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத் தூங்க வேண்டும்.