ஆஸ்துமாவுக்குப் போனா போர்டுல ஏன் ‘டிபி’ன்னு இருக்கு?

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. பையனுக்கு ஒன்பது வயசு. ரெண்டு வருஷமா மாசம் தவறாம இழுப்பு, ராத்திரி இருமல், நெபுலைசர், மறுநாள் ஸ்கூல் லீவு. "நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"போன வருஷமே போனோம் சார். போர்டுல காசநோய்னு போட்டிருந்துச்சு. தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு வாசலோட திரும்பி வந்துட்டோம்."

ஒரு போர்டுக்காக ஒரு வருஷம் போயிருக்கு.

"ஆஸ்துமா, அலர்ஜிக்கு எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறீர்கள். சுருக்கமான பதில்: பெரியவர்களுக்கு நுரையீரல் மருத்துவர். குழந்தைகளுக்கு முதலில் குழந்தை மருத்துவர், அவர் சொன்னால் நுரையீரல் மருத்துவர். ஆனால் அந்தப் போர்டில் டிபி எப்படி வந்தது என்ற கதை தெரிந்தால், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

சென்னை மின்சார ரயிலில் போனவர்களுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ ஸ்டேஷன் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சவரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மென்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்தார். 1937இல் தாம்பரம் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது.

டிபிக்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை, இவைதான் வைத்தியம். நெஞ்சைத் தட்டிப் பார்க்க, எக்ஸ்ரே படிக்க, மூச்சின் சத்தத்தைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த வார்டுகளில் வேலை பார்த்தவர்கள்தான்.

1956இல் அதே சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. டிபி நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். குடிசையில், நெருக்கடியில், சத்தான சாப்பாடு இல்லாமல் இருந்தவர்களுக்கும் நோய் ஏறக்குறைய அதே அளவு குணமானது. வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. சானடோரியம் என்ற ஏற்பாட்டுக்கே உலகம் முழுக்க அவசியம் குறையக் காரணமான ஆய்வுகளில் இது முக்கியமானது. (நம்ம ஊர் ஆராய்ச்சி. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.)

கட்டில்கள் காலியானாலும் டாக்டர்களின் பட்டப் பெயர் மாறவில்லை. டிப்ளமோவுக்கு ‘காசநோய் மற்றும் நெஞ்சக நோய்கள்’, எம்.டி.க்கு ‘காசநோய் மற்றும் சுவாச நோய்கள்’ என்றே வெகுகாலம் இருந்தது. இப்போது எம்.டி. சுவாச மருத்துவம். ஆக, அந்தப் போர்டு உங்க வியாதியோட பேர் இல்லைங்க, டாக்டர் படிச்ச படிப்போட பேர்.

அலர்ஜி டாக்டர் என்ற இனம் வேறு வீட்டில் பிறந்தது. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் தடுப்பூசிப் பிரிவில். பின்னாளில் பெனிசிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங் வேலை பார்த்த அதே பிரிவு. 1911இல் லியோனார்ட் நூன் என்பவர் புல்லின் மகரந்தத்தைக் கரைத்து, துளித்துளியாக அளவைக் கூட்டி, மகரந்தத்தால் தும்மல் வருபவர்களுக்கு ஊசியாகப் போட்டார். இன்றைய அலர்ஜி ஊசியின் ஆரம்பம் அது. நூன் 1913இல் இறந்தார். காரணம், டிபி. வேலையைத் தொடர்ந்தவர் அவருடைய சகா ஜான் ஃப்ரீமன்.

அமெரிக்காவில் அலர்ஜி தனித்துறையாகவே வளர்ந்தது. நம் நாட்டில் அப்படி வளரவில்லை. அதனால் ‘அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட்’ போர்டுக்குப் பின்னால் நுரையீரல் மருத்துவர் இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கலாம், தோல் மருத்துவர் இருக்கலாம், குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் இருக்கலாம். அதில் தப்பில்லை. "உங்க அடிப்படைப் படிப்பு என்ன டாக்டர்?" என்று கேட்பதிலும் தப்பில்லை.

அலர்ஜி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957 முதல் 1986 வரை இந்த ஊசிகளால் 26 பேர் இறந்ததாக பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு கணக்கெடுத்தது. விவரம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமாகாரர்கள். அதன் பிறகு, உயிர்காக்கும் வசதி இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும், போட்ட பின் உட்காரவைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று அங்கே கட்டுப்பாடு வந்தது. ஊசியைப் போட்டு உடனே வீட்டுக்கு அனுப்புகிற இடம், அட்ரினலின் கைவசம் இல்லாத இடம், ரெண்டும் வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

இழுப்பை உடனே நிறுத்துவதும் ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்வதும் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகம் நிறைய உயிர்களைக் கொடுத்திருக்கிறது.

உடனடி நிவாரண ஆசைக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு அடங்கும் என்ற வழக்கம் 1802இல் மெட்ராஸிலிருந்துதான் பிரிட்டன் போனது. மெட்ராஸ் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சொல்லி, ஜெனரல் ஜென்ட் என்பவர் கொண்டுபோனார். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ‘ஆஸ்துமா சிகரெட்’ மருந்துக்கடையில் விற்றது. (ஊமத்தை விஷம். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

1956இல் அமுக்கினால் மருந்து வரும் கைக்கடக்கமான இன்ஹேலர் வந்தது. பெரிய வரம். 1960களில் பிரிட்டனில் ஐசோப்ரினலின் இன்ஹேலரை சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதே காலத்தில் ஆஸ்துமா சாவுகள் ஏறின, அதுவும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் பல மடங்கு. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால் குழுவினர் 1968இல் இதை அலசினார்கள். எச்சரிக்கை வந்து, சீட்டு கட்டாயமானதும் சாவுகள் இறங்கின. ஐந்து மடங்கு வீரியமுள்ள வகை விற்ற நாடுகளில்தான் இந்தச் சாவு அலை அடித்தது என்று பின்னர் தெரிந்தது. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற இன்னொரு மருந்து வந்ததும் அதே கதை திரும்ப நடந்தது.

மருந்தின் வீரியமா, "பஃப் இருக்கே"ன்னு நம்பி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதா என்று ரொம்ப நாள் சண்டை நடந்தது. ரெண்டுமேன்னுதான் நான் நினைக்கிறேன். நிவாரண மருந்து சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972இல்தான் வந்தது. கனடாவில் பல்லாயிரம் நோயாளிகளின் கணக்கைப் பார்த்த 2000ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு வருஷத்தில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் சாவு விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. 2019இல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, 12 வயசுக்கு மேற்பட்ட யாருக்கும் நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று சொன்னது.

அதனால் போர்டைப் பார்க்காதீங்க, ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. ஊதவைத்து அளக்கிறாரா? (ஐந்து வயசுக்குள்ள குழந்தைக்கு இது கஷ்டம், அதைக் குறை சொல்லாதீங்க.) இன்ஹேலரை அவர் எதிரிலேயே எடுக்கச் சொல்லித் திருத்துகிறாரா? "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க? வீட்ல யார் சிகரெட் பிடிக்கிறாங்க? என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கிறாரா? தினசரி எது, அவசரத்துக்கு எது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்று எழுதித் தருகிறாரா? இதெல்லாம் செய்கிறவர் பக்கத்துத் தெரு எம்.பி.பி.எஸ். டாக்டராக இருந்தாலும் அவரை விடாதீங்க. இழுப்பு வரும்போதெல்லாம் ஒரு ஊசி, ஒரு நெபுலைசர், அவ்வளவுதான் என்றால் டாக்டரை மாத்துங்க. எதுவும் கேட்காமலே நூறு பொருளுக்கு ரத்தப் பரிசோதனை எழுதி, ‘பாசிட்டிவ்’ வந்த சாப்பாட்டையெல்லாம் நிறுத்தச் சொன்னாலும் மாத்துங்க. பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலே அது அலர்ஜி ஆகிவிடாது.

ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியலை, உதடு நீலமாகுது, பஃப் அடிச்சும் அடங்கலைன்னா இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போங்க, 108ஐக் கூப்பிடுங்க.

அந்த அம்மாவை அதே ‘டிபி’ போர்டு டாக்டரிடம்தான் கடிதம் கொடுத்து அனுப்பினேன். நேத்து போன் பண்ணினாங்க. "மெஷின்ல ஊதச் சொன்னாரு சார். அப்புறம் இன்ஹேலரை எப்படி எடுக்கிறான்னு காட்டச் சொன்னாரு. ரெண்டு வருஷமா மருந்து தொண்டையோட நின்னுருக்காம். நாங்க அவனைத்தான் திட்டிட்டு இருந்தோம்."