கோலாவுக்குத் தடை, கொலை மிரட்டலுக்கு அனுமதி

போன மாசம் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் பெங்களூர்ல இருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். வண்டி என்னுது, அதனால பாட்டும் என்னுது. (ஓட்டுறவனுக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதானே!) ஹாஸ்டல்ல கிடார் பழகின காலத்துல இருந்து சேர்த்து வச்ச பழைய ராக் பாட்டுகள். தொப்பூர் தாண்டும்போது பீட்டில்ஸோட 'ரன் ஃபார் யுவர் லைஃப்' வந்தது. நான் ஸ்டியரிங்ல தாளம் தட்டிக்கிட்டே கூடப் பாடினேன். பின்சீட்டுல இருந்த தோழி பாட்டு முடியுற வரைக்கும் பேசாம இருந்துட்டு, "இப்ப நீ என்ன பாடினேன்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாள்.

சத்தியமா நான் யோசிச்சதே இல்லை. ஹாஸ்டல்ல எங்களுக்கு ஒரு பாட்டுன்னா அதோட கார்ட்ஸ்தான். வரிகள் எல்லாம் வாய்க்கு வந்த ஓசை. அவள் சொன்னப்புறம்தான் உறைச்சது. காதலி வேற ஒருத்தனோட தென்பட்டா அவளை உயிரோட விட மாட்டேன்னு ஒருத்தன் மிரட்டுற பாட்டு அது. அதுவும் துள்ளலான மெட்டுல!

"1965ல வந்த பாட்டுப்பா, அந்தக் காலம் அப்படி"ன்னு சமாளிச்சேன்.

"அந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பயம் இருந்திருக்காதா?" என்றாள்.

பதில் இல்லை. அடுத்த பாட்டுக்குத் தாவிட்டேன். ஆனா கேள்வி கூடவே வந்துடுச்சு. ரெண்டு வாரமா படிச்சதை வச்சு அதுக்குப் பதில் சொல்லத்தான் இது.

முதலில் 1970க்குப் போவோம். கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் குழு அந்த வருஷம் ஜூனில் 'லோலா' என்ற பாட்டை வெளியிட்டது. எழுதிப் பாடியவர் ரே டேவிஸ். உலகம் தெரியாத ஒரு பையன் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு கிளப்புக்குப் போகிறான். லோலாவைச் சந்திக்கிறான், சேர்ந்து ஆடுகிறான். அவளுடைய குரலும் பிடியும் அவனைக் குழப்புகின்றன. கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் புரிகிறது. மிரண்டு விலகுகிறான், ஆனால் ஓடிப் போகவில்லை. லோலா ஆணா பெண்ணா என்பதை டேவிஸ் கடைசிவரை உடைத்துச் சொல்வதும் இல்லை. கடைசி வரியை ரெண்டு விதமாகவும் படிக்கலாம்.

இந்தப் பாட்டுக்கு பிபிசியில் சிக்கல் வந்தது. "வராம இருக்குமா, 1970 ஆச்சே"ன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். சிக்கல் அதுக்கு இல்லை. பாட்டில் கொக்கோ கோலா என்ற பெயர் வருகிறது. பிபிசியில் விளம்பரத்துக்கு இடமில்லை, ஒரு கம்பெனியின் பெயரைப் பாடக்கூடாது. டேவிஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் லண்டனுக்குப் பறந்து வந்து, அந்த இடத்தை மட்டும் 'செர்ரி கோலா' என்று மாற்றிப் பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டு பிரிட்டனில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 9ஆம் இடம் வரை போனது.

அதே 1970ல், பாட்டு வருவதற்கு நாலு மாசம் முன்னால், லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. ஏப்ரல் ஆஷ்லி என்ற மாடல். 1960ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை. அவருடைய திருமண வழக்கில், பிறக்கும்போது என்ன பாலோ அதுதான் சட்டத்துக்குப் பால், ஆகவே இந்தத் திருமணம் செல்லாது என்றது நீதிமன்றம். 2004ல் பிரிட்டனில் பாலின அங்கீகாரச் சட்டம் வரும்வரை இந்தத் தீர்ப்புதான் வழிகாட்டி. நீதிபதிக்கு இவ்வளவு கறாராகத் தெரிந்த ஒன்றில், ஒரு ராக் பாட்டில் வரும் பையன் குழம்பி, யோசித்து, கடைசியில் "இருந்துட்டுப் போகட்டும்" என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான்.

இன்றைக்குக் கேட்டால் 'லோலா'வில் நெருடல் இல்லையா? இருக்கிறது. லோலா யார் என்பதையே ஒரு 'ட்விஸ்ட்' ஆக வைத்துத்தான் கதை ஓடுகிறது. ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவருக்கு அதிர்ச்சிச் செய்தி ஆகிறது. ஆனால் லோலா பாட்டில் அவமானப்படவில்லை, அடிவாங்கவில்லை. திணறுவது அவன்தான்.

ரெண்டு வருஷம் கழித்து, 1972 நவம்பரில், நியூயார்க்கில் இருந்து லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' வந்தது. டேவிட் போவியும் மிக் ரான்சனும் தயாரித்த 'ட்ரான்ஸ்ஃபார்மர்' ஆல்பத்தில் இருக்கிற பாட்டு. இதில் வருபவர்கள் கற்பனை இல்லை. ஓவியர் ஆண்டி வார்ஹோலைச் சுற்றி இருந்த நிஜ மனிதர்கள். ஹாலி வுட்லான், கேண்டி டார்லிங், ஜாக்கி கர்டிஸ் என்று பெயர் சொல்லியே பாடுகிறார். பாலியல் பேச்சும் கொச்சையும் தாராளம். ஆனால் பிபிசிக்கு அந்த நியூயார்க் கொச்சை புரியவில்லை, பாட்டு அப்படியே ஒலிபரப்பானது. பிரிட்டனில் முதல் பத்துக்குள்ளும் வந்தது.

2017ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் ஒன்று, தங்கள் நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. திருநங்கைகளின் வாழ்க்கையை ஏதோ சாகசப் பயணம் மாதிரி காட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. ரீடின் நண்பர்கள் கொதித்துப் போனார்கள்.

எனக்கு ரெண்டு பக்கமும் புரிகிறது. அந்த மாணவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. தினமும் பஸ்ஸில் முறைப்பை வாங்குகிற ஒருவருக்குத் தன் வாழ்க்கையை யாராவது 'வைல்ட்' என்று சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ரீட் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார் என்பதும் உண்மை. கேண்டி டார்லிங் 1974ல் புற்றுநோயில் இறந்தபோது வயது 29. அந்தப் பெயரை இன்றைக்கு நான் டைப் அடிக்கிறேன் என்றால் அந்தப் பாட்டும் ஒரு காரணம்.

பிபிசியின் காது எங்கே மூடிக்கொண்டது தெரியுமா? 1978ல். டாம் ராபின்சன் என்ற பாடகர் 1976ல் லண்டன் பிரைட் ஊர்வலத்துக்காக எழுதிய பாட்டு 'க்ளாட் டு பி கே'. தன்பாலின ஈர்ப்புள்ள ஒருவர், போலீஸ் தொல்லையையும் பத்திரிகைகளின் ஏச்சையும் சொந்தக் குரலில், கோபமாகப் பாடுகிறார். 1967ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது தாண்டிய ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமில்லை என்று சட்டம் ஆகி 11 வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டு இருந்த இசைத்தட்டு முதல் இருபதுக்குள் வந்தும், பிபிசி ரேடியோ 1 தரவரிசை நிகழ்ச்சியில் அதே தட்டில் இருந்த வேறு பாட்டைப் போட்டுச் சமாளித்தார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்க. 'அவர்கள்' என்று கதையாகச் சொன்னால் காற்றில் போகலாம். 'நான்' என்று சொன்னால் முடியாது. (ராபின்சன் அந்தப் பாட்டின் வரிகளைக் காலத்துக்கு ஏற்றபடி பலமுறை மாற்றி எழுதிப் பாடியிருக்கிறார். பழசாகாமல் இருக்க அதுவும் ஒரு வழி!)

சரி, வந்த காலத்தில் யாரும் தடுக்காத பாட்டுகளுக்கு வருவோம்.

'ரன் ஃபார் யுவர் லைஃப்' இருக்கும் 'ரப்பர் சோல்' ஆல்பம் 1965 டிசம்பரில் வந்தது. கிறிஸ்துமஸ் நேரத்தில் பிரிட்டனில் முதலிடம். கோலாவுக்காக டேவிஸ் விமானம் ஏறினார். கொலை மிரட்டலுக்காக ஜான் லெனனை யாரும் ஒரு வார்த்தைகூட மாற்றிப் பாடச் சொல்லவில்லை. மறு வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸின் 'அண்டர் மை தம்ப்'. ஒரு காலத்தில் தன்னை ஆட்டி வைத்தவளை இப்போது தான் ஆட்டி வைப்பதாக ஒருவன் பெருமை அடிக்கிறான். அவள் உடையும் பேச்சும் அவன் சொல்படிதான். பிரையன் ஜோன்ஸின் மரிம்பா வாசிப்பு இருக்கே, இன்னைக்குக் கேட்டாலும் கால் தானா ஆடும். அதுதான் தொல்லையே.

"அந்தக் காலம் அப்படி"ன்னு நான் சொன்னது பொய் என்று தெரிந்தது இங்கேதான். அந்தக் காலத்திலேயே பேசியவர் இருந்தார். எலன் வில்லிஸ், நியூயார்க்கர் பத்திரிகையின் ராக் விமர்சகர். ராக்கை வெறுத்தவர் இல்லை, உயிராக நேசித்தவர். 1971ல் அவர் ஒரு எளிய சோதனை சொன்னார். ஆண் பெண்ணைப் பற்றி எழுதிய பாட்டை எடு, ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிப் பார். மாற்றிய பிறகும் பாட்டு நிற்கிறதா?

முடிவு நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். 'அண்டர் மை தம்ப்' நின்றுவிட்டது. தன்னை நசுக்கியவனை ஒரு பெண் பழிவாங்குகிறாள் என்றால் நம்ப முடிகிறது. விழுந்தது கேட் ஸ்டீவன்ஸின் 'வைல்ட் வேர்ல்ட்'. 1970ல் வந்த, கேட்டால் மனசு உருகும் மென்மையான பாட்டு. பிரிந்து போகிறவளுக்கு, உலகம் பொல்லாதது, பார்த்துப் போ என்று ஒருவன் அக்கறையாகச் சொல்கிறான். இதையே ஒரு பெண், விட்டுப் போகும் ஆணிடம், குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னால்? சிரிப்பு வந்துவிடும். திமிராகப் பேசுகிற பாட்டைவிட, அக்கறையாகப் பேசி அவளைக் குழந்தையாக்குகிற பாட்டு மோசம் என்றார் வில்லிஸ். ஹாஸ்டலில் நான் அதிகம் வாசித்த பாட்டு அது. அடி எனக்கும்தான்.

இடம் மாற்றிப் பார்க்கும் வேலையை ஒருவர் பாடியே காட்டியிருக்கிறார். டினா டர்னர் தன் 1975 ஆல்பமான 'ஆசிட் குயின்'இல் 'அண்டர் மை தம்ப்'பைப் பாடினார். அப்போது அவர் கணவர் ஐக் டர்னரிடம் வருஷக்கணக்காக அடிவாங்கிக்கொண்டிருந்தவர். 1976 ஜூலையில் அவரை விட்டு ஓடினார். பிறகு அதை உலகத்துக்கே சொன்னார். அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பயம் இருந்ததா என்ற கேள்விக்கு இதைவிட வேற என்ன பதில் வேணும்?

"பாட்டில் பேசுவது பாடகன் இல்லை, பாத்திரம்" என்று வாதாடலாம். சில இடங்களில் அது நியாயமும்கூட. டயர் ஸ்ட்ரெயிட்ஸின் 'மணி ஃபார் நத்திங்' (1985) பாட்டில் ஓரினச்சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் வருகிறது. நியூயார்க்கில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலையாள் பேசியதைக் கேட்டு, அந்த ஆளின் வாயிலேயே எழுதினார் மார்க் நாப்ஃப்ளர். கனடாவின் ஒலிபரப்புத் தர கவுன்சில் 2011 ஜனவரியில் அந்த வடிவத்தைப் போடக்கூடாது என்றது, ஆகஸ்டில் நிலையங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. அந்த ஆளைப் பார்த்து நாப்ஃப்ளர் சிரிக்கிறார் என்பது கவனித்துக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தச் சொல்லால் தெருவில் அடிபட்டவருக்கு அவ்வளவு கவனமாகக் கேட்கும் கடமை இல்லை.

லெனன் விஷயத்தில் பாத்திர வாதமும் எடுபடாது. பெண்களை அடித்திருக்கிறேன் என்று 1980ல் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். 1967ன் 'கெட்டிங் பெட்டர்' பாட்டில் காதலியை அடித்ததாக வரும் பகுதி தன் கதைதான் என்றார். 'ரன் ஃபார் யுவர் லைஃப்' தனக்கே பிடிக்காத பாட்டு என்றும் சொல்லியிருக்கிறார், ஆனால் அது மிரட்டலுக்காக அல்ல, ஏனோதானோ என்று எழுதியதற்காக. மிக் ஜாகர் 1995ல், அடிமைப் பெண்கள் மீதான வன்முறையைக் கொண்டாட்டமாகப் பாடிய 'பிரவுன் சுகர்' (1971) மாதிரி இன்றைக்கு எழுத மாட்டேன் என்றார். 2021ல் ஸ்டோன்ஸ் அதை மேடையில் பாடுவதை நிறுத்தினார்கள். எழுதியவர்களே திரும்பிப் பார்த்திருக்கும்போது, கேட்கிற நாம் மட்டும் எதற்கு அவர்களுக்கு வக்காலத்து வாங்கணும்?

போன வாரம் கேன்டீன்ல தோழிகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன். 'லோலா' கதையைத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சதும், நாக்கு நுனிக்கு முதல்ல வந்தது 'திருநங்கை' இல்லை. பள்ளிக்கூடத்துல பசங்க ஒருத்தனை ஒருத்தன் திட்ட வச்சிருந்த சொல். படத்துல காமெடி சீன்ல வரும், தியேட்டரே சிரிக்கும், நானும் சிரிச்சிருக்கேன். முழுங்கிட்டுச் சரியான சொல்லைச் சொன்னேன். அவள் கவனிச்சாளான்னு தெரியலை. எனக்குத் தெரியும், அது போதும்.

2012ல இருந்து நம்ம படங்கள்ல யாராவது சிகரெட் பிடிச்சா கீழே எச்சரிக்கை எழுத்து வரணும்னு விதி. அதே சீன்ல ஒரு திருநங்கையைக் கேலி பண்ணினா ஒரு எழுத்தும் வராது. கோலாவை மட்டும் பிடிச்ச பிபிசியைப் பார்த்து நான் சிரிச்ச சிரிப்பு அதோட நின்னுடுச்சு.

'ரன் ஃபார் யுவர் லைஃப்'பை லிஸ்ட்ல இருந்து தூக்கலை. தூக்கினா நான் யோசிக்காம பாடின வருஷங்களும் சேர்ந்து மறந்துடும். ஆனா அது வரும்போது கூடப் பாடுறதில்லை. வரிகள் இன்னும் மனப்பாடம்தான், வாய் தானா திறக்குது. மூடிக்கிறேன்.

உங்க லிஸ்ட்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். வில்லிஸ் சோதனையைப் போட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.