மிளகின் பெயர் பெற்ற காய்

வேப்பிலைக்கட்டி என்னும் தொடுகறியைத் தஞ்சைத் தரணியில் அறியாதார் சிலரே. பெயரில் வேப்பிலை உண்டேயன்றிப் பண்டத்தில் அது கிடையாது. நார்த்தையின் இளந்தளிரைப் பறித்து, நடு நரம்பை உரித்தெறிந்து, எலுமிச்சைத் தளிரும் சிறிது கூட்டி, மிளகாய் வற்றல், உப்பு, ஓமம், பெருங்காயம் இவற்றோடு உரலிலிட்டு இடிப்பார்கள். நீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. அதனாலேயே அது நாட்படக் கெடாமல் இருக்கிறது. என் தாயார் முதலில் மிளகாயையும் உப்பையும் பொடித்துக்கொண்டு, பிறகே தளிரைப் போடுவார். பச்சை மணம் தெருவரை வரும். எலுமிச்சங்காய் அளவாக உருட்டி ஜாடியில் அடைத்துவிட்டால், கோடை முழுவதும் தயிர்சோற்றுக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை.

நான் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்தவன். சோழர் பாடம் வரும்போதெல்லாம், மாணவரை உற்சாகப்படுத்தும்பொருட்டு, ‘உங்கள் பாட்டி இடிக்கும் வேப்பிலைக்கட்டியைத்தான் இராஜராஜனின் வீரனும் கட்டுச்சோற்றோடு கொண்டுபோனான்’ என்று சொல்லி வந்தேன். அது பிழை. அதை எனக்கு உணர்த்தியது நூலன்று. என் தாயாரின் முதலாண்டுத் திவசம்.

அவர் இடித்து வைத்த கட்டிகள் ஜாடியில் இன்னும் நாலைந்து இருந்தன. சமையலுக்கு வந்த முதியவரிடம், இலையில் ஓரமாக ஒன்று வைக்கும்படி கேட்டேன். “மிளகாய் சேர்ந்தது திவசத்துக்கு ஆகாதே, சார். மிளகுதான் வழக்கம்” என்று அவர் மறுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் என் தாயார் இடித்த பண்டத்துக்கு, அவர் பொருட்டு இட்ட இலையில் இடமில்லாமற் போயிற்று. மனம் வருந்தியது. ஏன் ஆகாது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

விடை எங்கள் ஊருக்கு அருகிலேயே கல்லில் இருக்கிறது. 1010-ஆம் ஆண்டு நிறைவுற்ற தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகள், இறைவனுக்கு அமுது படைக்கவேண்டிய பண்டங்களைக் கணக்காய்க் குறிக்கின்றன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு என்று அவை வருகின்றன. மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-இல் மிளகு நாட்டைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசு வேறொரு காரக்காயைக் கண்டார். ஸ்பானியர் அதற்கு மிளகின் பெயரையே ஒட்டி வழங்கினர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசிய வாணிகத்தோடு அக்காயும் இந்நாட்டில் வேரூன்றியது. நம்மவர் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: மிளகு போன்ற காய், மிளகாய். வடக்கே ‘மிர்ச்’ என்பதும் மிளகைக் குறிக்கும் ‘மரிசம்’ என்ற சொல்லின் திரிபே. மிளகு மேற்கு மலைச் சரக்கு, காசு கொடுத்து வாங்கவேண்டியது. மிளகாயோ கொல்லையில் காய்ப்பது. ஏழை வீட்டு உரலில் அது இடம்பிடித்தது அதனால்தான் என்பது என் எண்ணம். அடுக்களை மாறிற்று, சடங்கு மட்டும் மாறாமல் நின்றது.

சென்ற ஆண்டு, ஜப்பானில் ஃபுகுஓகா நகரில் பணிபுரியும் என் பழைய மாணவன் ஒரு சிறு புட்டி கொண்டுவந்தான். “முகர்ந்து பாருங்கள், சார்” என்றான். எங்கள் வீட்டு உரலின் மணம்! யூசு என்ற, நார்த்தை இனத்துப் பழமொன்றின் பச்சைத் தோலை, உள்வெள்ளை கலவாமல் துருவி, பச்சைமிளகாயும் உப்பும் கூட்டி அரைத்து, சில நாள் ஊறவைப்பதாம். தன் வீட்டிலேயே செய்ததாகச் சொன்னான். பெயர் யூசு கோஷோ. ஜப்பானிய மொழியில் கோஷோ என்றால் மிளகு. புட்டியிலோ மிளகு ஒரு மணியும் இல்லை. அந்நகர் இருக்கும் கியூஷூ தீவில் மிளகாயைக் கோஷோ என்றே வழங்குவது வழக்கமாம். 1543-இல் போர்த்துகீசியர் முதன்முதல் கரையிறங்கிய தனேகாஷிமா, கியூஷூவுக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. மிளகாயும் அந்த நூற்றாண்டிலேயே ஜப்பானை அடைந்தது என்பர். இரண்டு கடற்கரைகளில், ஒருவரையொருவர் அறியாத மக்கள், புதுக் காரத்துக்குப் பழைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இவ்வாண்டுத் திவசத்துக்கு முன்னாள் நானே உரலைக் கழுவி, மிளகாயையும் பெருங்காயத்தையும் விலக்கி, மிளகிட்டு இடித்தேன். சமையற்காரர் மறுக்காமல் இலையில் வைத்தார். பிறகு நானும் உண்டு பார்த்தேன். காரம் நாக்கில் ஏறாமல் தொண்டையில் நின்றது. தாயார் இருந்திருந்தால், உப்பு போதாது என்று சொல்லியிருப்பார்.