ஒத்த படியும் காத்த படியும்

தமிழ் நூல்களின் வரலாறு ஒரு வகையில் படியெடுத்தலின் வரலாறே ஆகும். பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் எழுதிவைக்கப்பெற்ற நூல்களே நம் கைக்கு வந்துள்ளன. படியெடுத்தோர் பிழைபடவும் எழுதினர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். அவ்வேடுகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டிருந்தமையால் ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது.

இன்று கணினித்துறையும் இப்பணியைச் செய்கிறது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் மூலநிரலை ஒரே வழங்கியில் வைத்தால், உலகெங்கிலுமிருந்து வரும் வேண்டுகோள்களை அது தாங்காது. ஆகவே பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அதன் படிகளை வைத்துள்ளன. இவற்றை ‘மிரர்’, அதாவது கண்ணாடி வழங்கிகள் என்பர். இவை மூலத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். 1996இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் உருவாக்கிய ‘ஆர்சிங்க்’ இதனை எளிதாக்கிற்று. அது கோப்பைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். ஏடு முழுவதையும் மீண்டும் எழுதாமல் மாறிய அடிகளை மட்டும் திருத்துவது போன்றது இது.

ஆயினும் கண்ணாடி முகத்தைக் காட்டும்போது முகத்திலுள்ள கறையையும் காட்டும். 2013 மார்ச்சில் கேடிஇ மென்பொருள் திட்டத்தில் இது நேர்ந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்ட தலைமை வழங்கி மீண்டும் இயங்கியபோது அதன் கோப்பமைப்பு சிதைந்திருந்தது. ஏறத்தாழ 1500 நிரல் களஞ்சியங்கள் அதில் இருந்தன. களஞ்சியங்களின் பட்டியலும் பழுதுற்றமையால், பட்டியலில் காணாதவற்றைக் கண்ணாடி வழங்கிகள் தம்மிடமிருந்தும் அழித்துவிட்டன. வேறொரு வழங்கியில் தப்பியிருந்த முழுப்படியைக் கொண்டே களஞ்சியங்கள் மீட்கப்பட்டன.

இந்நிகழ்வு மின்னூல்களை நம்பியிருக்கும் தமிழர்க்கும் பாடமாகும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முகப்புக் குறிப்பை மாற்றாமல் தன் மின்னூல்களை எவரும் பகிரலாம் என இசைவளித்தது. அதனால் படிகள் பெருகின. அந்நூல்கள் தகுதரக் குறியேற்றத்திலிருந்து பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அத்தகைய மாற்றத்தில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தால், பழைய கோப்பே அதற்குச் சான்று. சிங்கப்பூரில் 1965 முதல் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள், நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்தின் தொகுப்பில் சேர்ந்தன. உட்லண்ட்ஸ் வீவக வீட்டிலிருந்தே ஒரு மாணவர் அவற்றைப் படிக்கலாம். அச்சுப்படி அருகிவிட்ட நூலுக்கு அம்மின்படியே நாளைய மூலமாகும்.

எனவே படிகள் ஒத்திருத்தல் வேறு, நூல் காக்கப்படுதல் வேறு என உணர்தல் வேண்டும். நாள்தோறும் மூலத்தைப் பின்பற்றும் படிகள் வாசகர்க்கு உரியவை. அவற்றோடு, நாள் குறித்துத் தனியே வைத்த, மூலத்தின் மாற்றங்கள் எட்டாத படிகளும் வேண்டும். அவற்றின் சரிபார்ப்பு எண்களைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். மூலத்தில் பெருமளவு நூல்கள் திடீரெனக் காணாமற்போனால், ஒத்திசைவு தானே நின்று ஒரு மனிதரின் ஒப்புதலைக் கேட்டல் வேண்டும். சாமிநாதையருக்குப் பல ஏடுகள் கிடைத்தன. அவர்போல் ஒப்புநோக்க வருவோர்க்கு இரண்டாவது ஏடு ஒன்றேனும் இருக்கச் செய்வது நம் கடமை.