பட்டைச் சாணை

பட்டைச் சாணை என்பது, மின்னோடியால் சுழற்றப்படும் உராய்வுப் பட்டையைக் கொண்டு உளி, இழைப்புளி அலகு, செதுக்குக் கருவிகள் முதலிய தச்சுக் கருவிகளைக் கூராக்கும் முறை ஆகும். மரப்பரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கும் பட்டை உராய்வு எந்திரமே இதற்கும் பயன்படுகின்றது. தச்சர்களின் பேச்சு வழக்கில் இவ்வெந்திரம் பெல்ட் சாண்டர் என்று அழைக்கப்படுகின்றது. மழுங்கிய அல்லது பல் விழுந்த முனையை விரைவாக வடிவத்துக்குக் கொண்டுவருவது இம்முறையின் சிறப்பு. ஆனால் கவனக்குறைவாகச் செய்தால் எஃகு சூடேறித் தன் கடினத்தை இழந்துவிடும்.

பெயரும் பின்னணியும்

சாணை என்பது கருவிகளைத் தீட்டும் கல்லையும் சக்கரத்தையும் குறிக்கும் சொல்லாகும். இந்தியாவில் மணிக்கற்களைப் பட்டை தீட்டுவோர், குருந்தக்கல்லின் தூளை அரக்குடன் கலந்து சாணைச் சக்கரங்கள் செய்து வந்தனர். குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடின் இயற்கைப் படிகம். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 9. வைரத்தின் மதிப்பு 10. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் குருந்தம் காணப்படுகின்றது. இக்கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சன், மின் உலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கினார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று கருதி அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். இவ்வாறு அப்பெயரிலும் தமிழ்ச் சொல் ஒன்று மறைந்துள்ளது. 1954இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களுடன் இணைந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. சாணைச் சக்கரங்கள், உப்புத்தாள், உராய்வுப் பட்டைகள் ஆகியவற்றை இந்நிறுவனம் உற்பத்தி செய்கின்றது.

எந்திரத்தின் அமைப்பு

பட்டை உராய்வு எந்திரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உருளைகள் இருக்கும். ஒன்று மின்னோடியுடன் இணைந்த இயக்குருளை. மற்றொன்று பட்டையை இழுத்துப் பிடிக்கும் உருளை. பட்டை ஒரு பக்கமாக நழுவாமல் நேராக ஓடுமாறு இரண்டாவது உருளையின் சாய்வை ஒரு திருகினால் சரிசெய்யலாம். இரு உருளைகளுக்கும் நடுவே, பட்டையின் பின்புறத்தில் உலோகத் தாங்குதட்டு இருக்கும். கருவியின் சாய்வுமுகம் தட்டையாக வரவேண்டுமானால் இத்தட்டின் மேல் வைத்தே தேய்க்க வேண்டும். தட்டு இல்லாத தளர்வான பகுதியில் தேய்த்தால் முகம் சற்றுப் புடைத்து வரும். உருளையின் மேல் தேய்த்தால் முகம் குழிந்து வரும்.

பட்டை என்பது துணியின் மேல் பிசினால் ஒட்டப்பட்ட உராய்துகள்களைக் கொண்டது. எஃகைத் தேய்க்க அலுமினியம் ஆக்சைடு, சிர்கோனியா கலந்த அலுமினா, பீங்கான் வகைத் துகள் ஆகியவை ஏற்றவை. பட்டையின் உட்புறத்தில் ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதன்படியே மாட்ட வேண்டும். தவறாக மாட்டினால் பட்டையின் ஒட்டு பிரியக்கூடும். கடலோர நகரமான சென்னையின் ஈரக்காற்றில் பட்டைகளைத் திறந்து வைக்காமல் உலர்ந்த உறையில் வைப்பது நல்லது.

பட்டையின் வேகம்

பட்டையின் வேகம் இயக்குருளையின் விட்டத்தையும் சுழற்சி வேகத்தையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 1440 முறை சுழன்றால், பட்டை நொடிக்கு ஏறத்தாழ 7.5 மீட்டர் ஓடும். 915 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டையாயின் ஒவ்வொரு துகளும் நொடிக்கு 8 முறை மட்டுமே கருவியைத் தொடும். இடைப்பட்ட நேரத்தில் அது காற்றில் குளிர்கின்றது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாணைச் சக்கரம் நிமிடத்துக்கு 2800 முறை சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகின்றது. அதில் ஒவ்வொரு துகளும் நொடிக்கு ஏறத்தாழ 47 முறை கருவியைத் தொடுகின்றது. நல்ல பட்டையில் கருவி குறைவாகச் சூடேறுவதற்கு இது ஒரு காரணம். மேலும், கல் தேயத் தேய அதன் விட்டமும் விளிம்பு வேகமும் குறையும். பட்டையில் வேகம் மாறுவதில்லை.

கூர்க்கோணம்

இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடே கூர்முனை ஆகும். கோணம் குறைந்தால் வெட்டு எளிதாகும், ஆனால் முனை விரைவில் உடையும். பொதுவாகப் பின்பற்றப்படும் கோணங்கள்:

- கையால் தள்ளிச் சீவும் மெல்லிய உளி: 20 முதல் 25 பாகை
- பொதுப் பயன்பாட்டு உளி, இழைப்புளி அலகு: 25 பாகை, நுனியில் மட்டும் 30 பாகை
- கொட்டாப்புளியால் அடித்துத் துளை பறிக்கும் தடித்த உளி: 30 முதல் 35 பாகை

கோணமானி இல்லாதபோது சாய்வுமுகத்தின் நீளத்தை அளந்து கோணத்தை அறியலாம். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள உளியில் அந்நீளம் 6 மில்லிமீட்டர் இருந்தால் கோணம் 30 பாகை. ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இருந்தால் 25 பாகை.

செய்முறை

1. எந்திரத்தை மேசையில் அசையாமல் பொருத்த வேண்டும். கையில் பிடிக்கும் வகை எந்திரத்தை, அதன் தயாரிப்பாளர் தரும் தாங்கியில் மட்டுமே கவிழ்த்துப் பொருத்தலாம்.
2. கருவியின் பின்முகத்தைத் தட்டையான தீட்டுக்கல்லில் சமப்படுத்த வேண்டும். பட்டையில் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும் என்பதால் பின்முகத்தை எந்திரத்தில் வைப்பதில்லை.
3. முனை பல் விழுந்திருந்தால் பி80 அல்லது பி120 பட்டையிலும், மழுங்கி மட்டும் இருந்தால் பி240 பட்டையிலும் தொடங்கலாம். பி120 துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 125 மைக்ரோமீட்டர், பி240 துகளின் அளவு ஏறத்தாழ 58 மைக்ரோமீட்டர், பி400 துகளின் அளவு 35 மைக்ரோமீட்டர் ஆகும்.
4. பட்டை கூர்முனையை எதிர்த்து வராமல், முனையை விட்டு விலகி ஓடும் திசையில் கருவியைப் பிடிக்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் முனை துணியில் குத்திப் பட்டையைக் கிழிப்பதோடு கருவியையும் கையிலிருந்து பறித்து எறியும்.
5. மெல்லிய அழுத்தத்துடன் இரண்டு அல்லது மூன்று நொடிகள் தேய்த்து நீரில் தோய்க்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டும்.
6. பின்முகத்தில் முனை நெடுகிலும் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்பட்டால் சாய்வுமுகம் முனை வரை வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நுண்பட்டைக்கு மாறலாம்.
7. இறுதியில் நுண்ணிய தீட்டுக்கல்லிலும், மெருகுப்பசை தடவிய தோலிலும் தீட்டிப் பிசிரை நீக்க வேண்டும். பட்டை வடிவத்தை மட்டுமே தருகின்றது. மயிரைச் சிரைக்கும் கூர் கல்லிலும் தோலிலும்தான் கிடைக்கும்.

செதுக்கு வேலைக்கான வளைந்த உளிகளைப் பட்டையின் தளர்வான பகுதியில் வைத்து, கைப்பிடியைச் சீராக உருட்டியபடி தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கு பள்ளம் விழும்.

வெப்பமும் எஃகின் கடினமும்

கார்பன் எஃகால் ஆன உளி, செஞ்சூட்டில் தோய்த்துக் கடினப்படுத்தப்பட்டு, பின்னர் ஏறத்தாழ 180 முதல் 230 பாகை செல்சியசு வரை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்தப்படுகின்றது. தீட்டும்போது இவ்வெப்பநிலையைத் தாண்டினால் பதம் கெட்டு எஃகு மென்மையாகிவிடும். முனை மிக மெல்லியது என்பதால் அதுவே முதலில் சூடேறும்.

எஃகின் மேல் தோன்றும் ஆக்சைடு நிறங்கள் வெப்பநிலையைக் காட்டும். வெளிர் வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகையிலும், பழுப்பு நிறம் 255 பாகையிலும், நீல நிறம் 290 முதல் 300 பாகையிலும் தோன்றும். நீலம் பாய்ந்த முனை வேலைக்கு நிற்காது. நிறத்தைத் தேய்த்து அகற்றிவிட்டால் கருவி சரியாகிவிட்டது என்று எண்ணுவது தவறு. நிறம் மேற்பரப்பில் உள்ளது. மென்மையோ உள்ளே உள்ளது. நீலம் பரவிய பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் கடினமான எஃகு மீண்டும் முனைக்கு வரும். இதனால் உளியின் ஆயுள் குறைகின்றது. சூடேறிய பின் தோய்ப்பது கெட்ட பதத்தை மீட்காது. விரலுக்குச் சூடு தெரிந்தவுடனேயே நிறுத்துவதே பாதுகாப்பான வழி. உயர்வேக எஃகால் ஆன கடைசல் உளிகள் ஏறத்தாழ 500 பாகை வரை கடினத்தை இழப்பதில்லை.

பாதுகாப்பு

மரம் தேய்த்த எந்திரத்திலேயே எஃகைத் தேய்ப்பது தீ விபத்துக்கு வழி வகுக்கும். எஃகிலிருந்து பறக்கும் தீப்பொறி, தூசிப் பையில் தங்கியுள்ள மரத்தூளில் விழுந்து, வெளியே தெரியாமல் கனன்று, பல மணி நேரம் கழித்துக்கூடப் பற்றலாம். எனவே தூசிப் பையைக் கழற்றி, எந்திரத்தினுள் தங்கிய தூளை முழுவதும் அகற்றிய பின்னரே கருவி தீட்ட வேண்டும். வேலை முடிந்தபின் தீட்டிய இடத்தைச் சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்ப்பது அவசியம்.

கண்ணாடிக் கவசமும் தூசி முகமூடியும் அணிய வேண்டும். கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியன ஓடும் பட்டையில் சிக்கும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டும். பட்டை மாற்றும்போது மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தோய்க்கும் நீர்ப் பாத்திரத்தை மின்கம்பிக்கு அருகில் வைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில், அடுக்குமாடி வீடுகளின் உட்புற மரவேலை பெரும்பாலும் வீட்டிலேயே செய்யப்படுகின்றது. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதாலும், ஒட்டுப்பலகையில் கடினமான பிசின் இருப்பதாலும் உளிகள் விரைவில் மழுங்குகின்றன. இத்தகைய தளங்களில் முன்பே இருக்கும் பட்டை எந்திரம் தீட்டுவதற்கும் கைகொடுக்கின்றது. அதே நேரம், மரத்தூள் நிறைந்த மூடிய அறை என்பதால் மேற்கூறிய தீ ஆபத்தும் இங்கேதான் மிகுதி.

2020இல் பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும், 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இத்தகைய சிற்பவேலையில் பல வடிவ உளிகள் தேவைப்படுகின்றன. அவற்றின் நுண்ணிய முனைகளுக்கு எந்திரத்தைக் காட்டிலும் கல்லில் கையால் தீட்டுவதே ஏற்றது. உடைந்த முனையைத் திருத்துவதற்கும் புது உளிக்கு வடிவம் கொடுப்பதற்கும் பட்டைச் சாணை போதுமானது.