நிபுணர் குழுக்களும் குடிநீரின் ஃபுளோரைடு வரம்பும்

சட்டமியற்றும் அதிகாரம் ஏதுமின்றி, தம் சாஸ்திர அபிப்பிராயத்தின் பலத்தாலேயே அரசாங்கங்களின் சுகாதாரக் கொள்கைக்கு உருவம் தரும் அறிஞர் கூட்டங்கள் நிபுணர் ஆலோசனைக் குழுக்கள் எனப்படும். அவை எழுதித் தரும் ஓர் எண் எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தின் குடிநீர் தக்க சான்றாகும்.

இப்பிரதேசத்தின் பாறைகளிலுள்ள அபடைட், பயோடைட் முதலிய கனிமங்களிலிருந்து கரையும் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணறுகளில் சேருகிறது. அந்நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் முன்பற்களில் முதலில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெண்திட்டும், பிறகு குறுக்கே பழுப்புக் கோடும் தோன்றும். பல்லாண்டு குடித்தவர்க்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி, குனிவதே பெரும்பாடாவதும் உண்டு. இந்தியாவில் இந்நோயை 1937இல் முதன்முதலாக விவரித்தவர்கள், சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் ஆராய்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 1984இல் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என வகுத்த வரம்பையே ஐரோப்பாவின் 1998ஆம் ஆண்டுக் குடிநீர் விதியும் ஏற்றது. ஆயினும் பல்சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கலாமா என்ற விவாதம் அங்கு ஓயாமையால், ஐரோப்பிய ஆணையத்தின் விஞ்ஞானக் குழுவொன்று 2011இல் அதன் நன்மை தீமைகளை ஆராய்ந்து கருத்துரைத்தது. சேர்ப்பதா என்பது அவர்கள் கவலை. நீக்குவது எப்படி என்பது நம்முடையது.

சீதோஷ்ணத்தையும் மக்கள் அருந்தும் நீரின் அளவையும் நோக்கியே ஒவ்வொரு தேசமும் தன் வரம்பை நிர்ணயிக்க வேண்டுமென்று அந்த ஸ்தாபனமே சொல்லியிருக்கிறது; வெயிலில் உழைப்பவன் நீரோடு ஃபுளோரைடையும் மிகுதியாக உட்கொள்கிறான் அல்லவா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுப் பிரமாணம் 1.0 மில்லிகிராமையே ஏற்கத்தக்கதாக்கி, வேறு நீராதாரம் இல்லாவிடத்து மட்டும் 1.5 வரை அனுமதிக்கிறது. விவேகமான ஏற்பாடுதான், ஆனால் வறண்ட கிராமத்தைச் சுட்டி, வேறு ஆதாரம் இல்லையென்று கைவிரிப்பதும் இதனால் சுலபமாகிவிடுகிறது.

அச்சாக்கைப் போக்க வந்தது, காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானியக் கடனுதவியோடு கூடிய இத்திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தின் ஆட்சேபத்தால் இடையில் தடைப்பட்டு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் 2013இல் திறக்கப்பட்டது.

ஆழ்துளைக் கிணற்று நீரையே இன்னும் குடிப்போர், காய்ச்சினால் ஃபுளோரைடு நீங்குமென்று நம்பலாகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும். நீரில் அது எவ்வளவு உள்ளது என்றறிய, பரிசோதனைக் கூடத்தில் நீரைக் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.